கார் கீழே, நாம் மேலே! இ-பாஸ் முதல் பஸ் வரை வீட்டுக் கம்ப்யூட்டரில் மலைப் பயணத் திட்டம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதத்தில் என்ன செய்கிறோம்? படம் பார்க்கிறோம், பாட்டுக் கேட்கிறோம், வெளிநாட்டில் உள்ள உறவினர்களுடன் பேசுகிறோம். இரண்டாவது மாதத்தில் "இதை வைத்து உருப்படியாக என்ன செய்யலாம்?" என்ற கேள்வி வருகிறது. எங்கள் வீட்டில் அந்தக் கேள்விக்கு விடை கிடைத்தது கல்லார் சோதனைச் சாவடியில். கொஞ்சம் கசப்பான விடைதான்.

நான் அம்பத்தூரில் வசிக்கும் சாப்ட்வேர் இன்ஜினியர். அப்பா ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பின் அவர் இரண்டு பொருட்கள் வாங்கினார். ஒன்று பழைய கார். இன்னொன்று புதுக் கம்ப்யூட்டர். கார் ஓட்ட அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கம்ப்யூட்டர் பக்கம் மட்டும் தயக்கம்.

2025 மே மாதம் அம்மாவை ஊட்டிக்கு அழைத்துப் போவது என்று முடிவானது. கல்யாணமான வருடத்திலிருந்து சொல்லிக்கொண்டே இருந்த பயணம். அம்மாவுக்கு முழங்கால் வலி ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போகிறது. "இந்த வருஷம் போகலேன்னா அப்புறம் போகவே முடியாது" என்று அப்பா அறை எடுத்துவிட்டார். இ-பாஸையும் அவரே வாங்கிவிட்டார். எங்கே? பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில். கட்டணம் 200 ரூபாய். வீட்டில் கம்ப்யூட்டர், இன்டர்நெட், என்னைப் போல ஒரு சாப்ட்வேர் ஆள், எல்லாம் இருந்தும்!

பூந்தமல்லி, வேலூர், கிருஷ்ணகிரி, சேலம் வழியாக ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி, சனிக்கிழமை மதியம் மேட்டுப்பாளையத்தைத் தாண்டிக் கல்லார் வந்தோம். சாவடியில் இருந்தவர் எங்கள் தாளை வாங்கிப் பார்த்தார். பிறகு காரின் நம்பர் பிளேட்டைப் பார்த்தார். "சார், பாஸ்ல வேற நம்பர் இருக்கே" என்றார்.

எங்கள் கார் அம்பத்தூரில் பதிவானது. டி.என். 13 என்று தொடங்க வேண்டும். தாளில் டி.என். 12 என்று இருந்தது. 12 என்பது பூந்தமல்லி. பிரவுசிங் சென்டரில் டைப் செய்தவர் ஓர் எண்ணை மாற்றி அடித்திருக்கிறார். அப்பாவும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. புதிதாக விண்ணப்பிக்கலாம் என்று மொபைலில் தளத்தைத் திறந்தால், அன்றைய நாளுக்கான எண்ணிக்கை முடிந்திருந்தது. சாவடியில் இருந்தவரைக் குறை சொல்ல முடியாது. எங்களுக்குப் பின்னால் நின்ற வரிசையையும் அவர் பார்க்க வேண்டுமே!

அப்பா ஒன்றும் பேசாமல் வண்டியைத் திருப்பினார். பின் சீட்டில் அம்மாவும் ஒன்றும் பேசவில்லை.

அதன் பிறகு என்ன நடந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில், நீங்கள் இந்தத் தவறைச் செய்யாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று பார்ப்போம்.

இ-பாஸ் எதற்கு?

நீலகிரி மாவட்டத்துக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வாகனங்களில் செல்வோர் இ-பாஸ் பெற வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஏப்ரலில் உத்தரவிட்டது. 2024 மே 7 முதல் இது நடைமுறைக்கு வந்தது. அப்போது பாஸ் கேட்ட அனைவருக்கும் கிடைத்தது. எத்தனை வாகனங்கள் வருகின்றன என்று தெரிந்துகொள்வதுதான் முதல் நோக்கம்.

அடுத்த ஆண்டு எண்ணிக்கைக்கே வரம்பு வந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் ஜூன் முடிய நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, சனி ஞாயிறுகளில் 8,000 வாகனங்கள். கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000, சனி ஞாயிறுகளில் 6,000. உள்ளூர் வாகனங்கள், அரசுப் பேருந்துகள், ரயில், விளைபொருள் ஏற்றிச் செல்லும் வண்டிகள் ஆகியவற்றுக்கு இந்த வரம்பு இல்லை. "அரசுப் பேருந்துகள்" என்ற அந்த ஒரு வார்த்தையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் அதற்கு வருவோம்.

விதிகளும் எண்ணிக்கையும் சீசனுக்குச் சீசன் மாறக்கூடியவை. எனவே கிளம்பும் வாரத்தில் தளத்தைத் திறந்து, அன்றைய நிலையைப் படித்துவிடவும்.

நீங்களே பாஸ் எடுக்கலாம்

இ-பாஸுக்குக் கட்டணம் கிடையாது. யாரிடமும் 200 ரூபாய் கொடுக்க வேண்டியதில்லை. கீழ்க்காணும் படிகளைப் பின்பற்றவும்.

1. பிரவுசரைத் திறக்கவும். சர்ச் இன்ஜினில் "ஊட்டி இ-பாஸ்" என்று தேடி, முதலில் வருவதைக் கிளிக் செய்ய வேண்டாம். மேலே வருபவை சில சமயம் விளம்பரங்களாக இருக்கும். அரசுத் தளம் போலவே தோற்றம் கொண்ட தளங்களும் உண்டு. முகவரியை நீங்களே அட்ரஸ் பாரில் டைப் செய்யவும். 2024, 2025 ஆண்டுகளில் பயன்பட்ட முகவரி: இபாஸ் டாட் டி.என்.இ.ஜி.ஏ. டாட் ஓ.ஆர்.ஜி. எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்துகள், நடுவில் இடைவெளி இல்லை. டி.என்.இ.ஜி.ஏ. என்பது தமிழ்நாடு மின் ஆளுமை முகமையைக் குறிக்கும். தளம் திறந்ததும் கன்ட்ரோல் கீயை அழுத்தியபடி டி அழுத்தினால் முகவரி புக்மார்க் ஆகிவிடும்.

2. மொபைல் எண்ணைத் தந்தால் ஓ.டி.பி. வரும். பயணத்தில் உடன் வருபவரின் எண்ணையே கொடுக்கவும். பிரவுசிங் சென்டர்காரரின் எண்ணைக் கொடுத்துவிட்டால், பின்னர் திருத்த வேண்டும் என்றாலும் ஓ.டி.பி. அவருக்குத்தான் போகும். எங்களுக்கு இதுவும் நடந்தது.

3. அடுத்து வரும் படிவத்தில் பெயர், முகவரி, எத்தனை பேர், வாகன எண், வாகன வகை, வரும் நாள், திரும்பும் நாள், தங்கும் இடம் போன்ற விவரங்களைத் தர வேண்டும். வாகன எண்ணை நினைவிலிருந்து அடிக்க வேண்டாம். ஆர்.சி. புக்கை எடுத்து மானிட்டருக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளவும். ஆங்கில ஓ எழுத்தும் பூஜ்யமும், ஐ எழுத்தும் ஒன்றும் திரையில் ஒன்று போலவே தெரியும். கன்ட்ரோல் கீயுடன் பிளஸ் கீயை இரண்டு மூன்று முறை அழுத்தினால் எழுத்துகள் பெரிதாகும். அப்போது சரிபார்ப்பது எளிது. பழைய அளவுக்கு வர கன்ட்ரோலுடன் பூஜ்யம்.

4. சப்மிட் செய்யும் முன் ஒருவர் வாகன எண்ணைத் திரையிலிருந்து சத்தமாகப் படிக்க, இன்னொருவர் ஆர்.சி. புக்கைப் பார்த்து ஒப்பிடவும். எங்கள் தொழிலில் ஒருவர் எழுதிய புரோகிராமை இன்னொருவர் படித்துப் பார்ப்பது வழக்கம். எழுதியவர் கண்ணுக்குத் தன் தவறு தெரியாது என்பதுதான் காரணம். வீட்டிலும் அதே விதிதான்.

5. பாஸ் கிடைத்ததும் கன்ட்ரோலுடன் பி அழுத்தவும். பிரிண்ட் விண்டோ வரும். பிரிண்டர் இல்லாவிட்டால் கவலை வேண்டாம். பிரிண்டர் பெயர் இருக்கும் இடத்தில் "சேவ் அஸ் பி.டி.எப்." என்பதைத் தேர்ந்தெடுத்து, உங்களுக்குப் புரியும் பெயர் கொடுத்து சேவ் செய்யவும். "டவுன்லோட் 1" என்று இருந்தால் சாவடியில் தேடிக்கொண்டு நிற்க நேரிடும். "ஊட்டி பாஸ் மே 17" என்று இருக்கட்டும். பிறகு அந்த பைலை மொபைலுக்கும் அனுப்பிக்கொள்ளவும். மலைப் பாதையில் சிக்னல் இல்லாமல் போனாலும் பைல் கையில் இருக்கும்.

எதற்கு இத்தனை கட்டுப்பாடு? கணக்குப் போட்டுப் பாருங்கள்

ஊருக்குத் திரும்பிய பின் அப்பா கேட்டார்: "நம்ம ஒரு வண்டி போனா மலை என்ன சாஞ்சுடுமா?"

நியாயமான கேள்வி. விடை சொல்லக் கம்ப்யூட்டரையே ஆன் செய்தேன். உங்களிடம் எக்ஸெல் இல்லாவிட்டால் லிப்ரே ஆபீஸ் தொகுப்பை இலவசமாக டவுன்லோட் செய்துகொள்ளலாம். அதில் உள்ள கால்க் புரோகிராம் இந்த வேலைக்குப் போதும்.

2024-ல் இந்த வழக்கு விசாரணையின்போது வந்த விவரப்படி, சீசன் நாட்களில் நீலகிரிக்குள் ஒரு நாளில் நுழைபவை சுமார் 20,000 வாகனங்கள். அதில் கார்கள் மட்டும் சுமார் 11,500.

புது வொர்க் ஷீட் ஒன்றைத் திறந்து, முதல் வரிசையில் "கார்கள்" என்று எழுதி, பக்கத்து செல்லில் 11500 என்று தரவும். இரண்டாவது வரிசையில் "ஒரு காரின் நீளம், மீட்டரில்" என்று எழுதி 4.5 தரவும். மூன்றாவது வரிசையில் "மொத்த நீளம்" என்று எழுதி, பக்கத்து செல்லில் சம அடையாளத்தை டைப் செய்யவும். இப்போது மவுஸால் 11500 உள்ள செல்லைக் கிளிக் செய்து, பெருக்கலுக்கான நட்சத்திரக் குறியை அழுத்தி, 4.5 உள்ள செல்லைக் கிளிக் செய்து, என்டர் தட்டவும்.

விடை 51,750 மீட்டர். கிட்டத்தட்ட 52 கிலோமீட்டர். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஊட்டிக்குச் சாலைத் தொலைவே சுமார் 50 கிலோமீட்டர்தான்! அதாவது ஒரு நாள் வரும் கார்களை இடைவெளியே இல்லாமல் ஒட்டி நிறுத்தினால், அடிவாரத்திலிருந்து ஊட்டி வரை ஒரே வரிசை.

அப்பா கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, எல்லாம் ஒரே நேரத்துல ரோட்டுல இருக்காதே" என்றார். உண்மை. ஆனால் ரோட்டில் இல்லாத கார் எங்கோ நின்றாக வேண்டும். அதையும் கணக்கிட்டோம்.

ஒரு கார் நிற்க 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம் வேண்டும். 12.5 சதுர மீட்டர். உள்ளே வரவும் வெளியே எடுக்கவும் வழி விட வேண்டுமே? அதற்கு இன்னொரு மடங்கு சேர்த்தால் 25 சதுர மீட்டர். இதை 11,500 ஆல் பெருக்கி, ஏக்கராக மாற்ற 4,047 ஆல் வகுத்தால் 71 ஏக்கர் வருகிறது. எல்லோரும் பார்க்கப் போகும் ஊட்டி அரசு தாவரவியல் பூங்கா, 1848-ல் தொடங்கப்பட்டது, சுமார் 55 ஏக்கர். பூங்காவை முழுக்க மூடி பார்க்கிங் ஆக்கினாலும் கார்களுக்கு இடம் போதாது!

இப்போது ஷீட்டில் இன்னும் சில வரிசைகள். ஒரு காரில் 4 பேர் என்றால் மொத்தம் 46,000 பேர். ஒரு பஸ்ஸில் 40 சீட் என்று வைத்தால் 1,150 நடை. ஒரு பஸ் ஒரு நாளில் மூன்று முறை ஏறி இறங்கினால் 384 பஸ்கள். பஸ்ஸின் நீளம் 10 மீட்டர் என்றால் 384 பஸ்ஸையும் வரிசையாக நிறுத்தினாலும் நான்கு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். 52 எங்கே, 4 எங்கே?

ஸ்பிரெட் ஷீட்டின் வசதியே இதுதான். 40 என்பதை 30 ஆக மாற்றுங்கள், மூன்று நடையை இரண்டாக்குங்கள். என்டர் தட்டியதும் கீழே உள்ள விடைகள் தாமாகவே மாறும். எப்படி மாற்றினாலும் பஸ் கணக்கு கார் கணக்குக்குப் பக்கத்தில்கூட வராது.

இ-பாஸ் தளம் எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும் அது வாகனங்களை எண்ணும், அவ்வளவுதான். மலையில் ஒரு சதுர அடி இடத்தைக்கூட அது கூடுதலாக உண்டாக்காது. அதிகம் பேரை மேலே கொண்டு போவது பஸ்தான்.

பாறை ஏறுபவர்களும் பஸ்ஸில்தான்

இந்த யோசனை புதிதல்ல. கம்பெனி வேலையாக அமெரிக்காவில் சில மாதங்கள் இருந்தபோது யூட்டா மாநிலத்தில் உள்ள சையான் தேசியப் பூங்காவுக்குப் போனேன். செங்குத்தான சிவப்புப் பாறைச் சுவர்களுக்காக உலகம் முழுவதிலுமிருந்து பாறை ஏறுபவர்கள் வரும் இடம் அது. 2000-ஆம் ஆண்டிலிருந்து சீசன் மாதங்களில் அந்தப் பள்ளத்தாக்குச் சாலையில் சுற்றுலாப் பயணிகளின் சொந்தக் காருக்கு அனுமதியில்லை. காரை வாசலில் அல்லது பக்கத்து ஊரான ஸ்பிரிங்டேலில் நிறுத்திவிட்டு இலவச ஷட்டில் பஸ்ஸில் ஏற வேண்டும். நான் போன பஸ்ஸில் தோளில் கயிற்றுச் சுருளும் இடுப்பில் கொக்கிகளுமாக நான்கு பேர் நின்றுகொண்டு வந்தார்கள். அவ்வளவு சாமான் இருந்தும் "என் காரில்தான் வருவேன்" என்று யாரும் அடம் பிடிக்கவில்லை. அடுத்தடுத்து பஸ் வந்துகொண்டே இருந்ததுதான் காரணம்.

அவ்வளவு தூரம் போவானேன்? சபரிமலைக்குப் போய் வந்தவர்கள் நம் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் இருப்பார். 2018 வெள்ளத்தில் பம்பையின் வாகன நிறுத்துமிடம் சேதமான பிறகு, நிலக்கல்லில் வண்டியை நிறுத்திவிட்டு கேரள அரசுப் பேருந்தில் பம்பைக்குப் போவது பக்தர்களுக்குப் பழகிவிட்டது.

காரில்லாமல் ஊட்டிக்குப் போக என்ன வழி?

ரயில்: சென்னை சென்ட்ரலிலிருந்து இரவு கிளம்பும் நீலகிரி எக்ஸ்பிரஸ் காலையில் மேட்டுப்பாளையம் சேரும். ஆவடி, அம்பத்தூர்வாசிகள் புறநகர் ரயிலிலேயே சென்ட்ரல் போய்விடலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து 46 கிலோமீட்டர் மலை ரயில். 1908-ல் ஊட்டியைத் தொட்ட இந்தப் பாதை 2005-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. முன்பதிவுக்கு ஐ.ஆர்.சி.டி.சி. தளம். பொதுவாக 60 நாட்களுக்கு முன் பதிவு தொடங்கும். 2024 நவம்பருக்கு முன் இது 120 நாள். பழைய கணக்கை வைத்துக்கொண்டு ஏமாற வேண்டாம்.

பஸ்: சென்னையிலிருந்து ஊட்டிக்கே செல்லும் அரசு விரைவுப் பேருந்துகள் உண்டு. டி.என்.எஸ்.டி.சி. தளத்தில் சீட் பதிவு செய்யலாம். டிக்கெட்டில் ஏறும் இடம் கிளாம்பாக்கமா, வேறு இடமா என்று அவசியம் பார்க்கவும். அம்பத்தூரிலிருந்து கிளாம்பாக்கம் போய்ச் சேரவே தனியாக நேரம் ஒதுக்க வேண்டும்.

கார் பாதி, பஸ் பாதி: மேட்டுப்பாளையத்தில் காரை நிறுத்திவிட்டு அரசுப் பேருந்தில் ஏறுவது. இதற்கு இ-பாஸ் தேவையில்லை. ஊட்டிக்குள்ளும் கோடை சீசன்களில் சுற்றுலா இடங்களை இணைக்கும் சுற்றுப் பேருந்துகள் இயக்கப்பட்டு வந்துள்ளன.

அன்று என்ன நடந்தது?

நாங்கள் செய்தது இந்த மூன்றாவது வழியைத்தான். திட்டமிட்டு அல்ல, வேறு வழியில்லாமல்! மேட்டுப்பாளையத்தில் கட்டண நிறுத்துமிடத்தில் காரை விட்டோம். பூட்டிய பிறகும் அப்பா இரண்டு முறை திரும்பிப் போய்க் கதவை இழுத்துப் பார்த்தார். பஸ் நிலையத்தில் கூட்டம். முதல் இரண்டு பஸ்களை விட்டுவிட்டு மூன்றாவதில் இடம் பிடித்தோம். உயரமான படியில் ஏற அம்மா பட்ட பாட்டை நான் மறைக்க மாட்டேன். கண்டக்டர் ஒரு கை, நான் ஒரு கை பிடித்து ஏற்றினோம். மலைக்குப் போகும் பஸ்களில் படி தாழ்வாக இருந்தால், காரை விட்டுவிட்டு வர இன்னும் பல குடும்பங்கள் துணியும். முழங்கால் வலிக்காரர்களுக்கும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கும் கார் தேவைதான். அந்த 6,000, 8,000 இடங்கள் அவர்களுக்கு முதலில் கிடைக்க வேண்டுமானால், பஸ்ஸில் ஏற முடிந்த நாம் பஸ்ஸில் ஏற வேண்டும்.

குன்னூரைத் தாண்டியபோது அப்பா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். இளவயதில் நண்பர்களோடு வேன் ஓட்டிக்கொண்டு இரண்டு முறை ஊட்டிக்கு வந்தவர் அவர். "ரெண்டு தடவை வந்திருக்கேன். ரோட்டைத்தான் பார்த்திருக்கேன். இந்தப் பள்ளத்தை இப்பதான் பாக்குறேன்" என்றார். அம்மா சிரித்தது காலையிலிருந்து அதுதான் முதல் முறை.

இப்போது வீட்டில் அடுத்த பயணத்துக்கான ஷீட் தயார். கொடைக்கானல். பெட்ரோல், பார்க்கிங், பஸ் கட்டணம், நேரம் என ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை. டைப் செய்தது அப்பா. ஒரு விரலால் தேடித் தேடித்தான் அடிக்கிறார், ஆனால் அடித்து முடித்ததும் என்னைக் கூப்பிட்டு, "நீ படி, நான் சரிபாக்குறேன்" என்கிறார். நீங்களும் அடுத்த பயணத்துக்கு முன் ஒரு ஷீட் போட்டுப் பாருங்கள்.